ஸ்லைடு பிலிம்: படம் எப்படி உருவாகிறது, சிலர் ஏன் அதை விடுவதில்லை

கேமரா பற்றிப் பேச்சு வந்தால் ஸ்லைடு பிலிமைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். "ஸ்லைடில் எடுத்தால்தான் நிஜமான நிறம், டிஜிட்டலில் வருவதெல்லாம் கம்ப்யூட்டர் போட்ட நிறம்" என்பது ஒன்று. "பிலிம் என்றாலே மங்கலாக, பழுப்பேறி, பழைய ஆல்பம் மாதிரிதான் இருக்கும், பழைய ஞாபகத்துக்காகச் சிலர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஸ்லைடு பிலிமின் நிறம், அந்த பிலிமை வடிவமைத்த வேதியியலாளர்கள் முடிவு செய்த நிறம். அது மங்கலும் இல்லை. சரியாக எடுத்த ஒரு ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவர்கள் அதை மங்கல் என்று சொல்லவே மாட்டார்கள்.

எனக்கு ஸ்லைடு பிலிம் பிடிக்கும். டிஜிட்டலைவிட அதிகமாகவே பிடிக்கும். ஆனால் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்றால், சரியான காரணத்துக்காகப் பிடித்திருக்க வேண்டும். ஸ்லைடு விஷயத்தில் அந்தக் காரணம் எளிமையானது: கேமராவுக்குள் ஒளி பட்ட அதே பிலிம் துண்டுதான் கடைசியில் படமாகவும் நிற்கிறது. அதன் அழகும் அதன் பிடிவாதமும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன. எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

## எது ஸ்லைடு, எது நெகட்டிவ்?

கலர் பிலிமில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது நெகட்டிவ். கழுவி வந்த பிறகு பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதில் வானம் இருட்டாகவும் தலைமுடி வெளுப்பாகவும் தெரியும். அதை இன்னொரு முறை தாளில் பதித்து பிரிண்ட் போட்டால்தான் நாம் பார்க்கும் படம் கிடைக்கும். அதாவது நெகட்டிவ் என்பது பாதி வழி. மீதி வழியை பிரிண்ட் போடுகிறவர் முடிக்கிறார்.

ஸ்லைடு பிலிமில் இந்தப் பாதி வழி கிடையாது. கழுவி முடித்துச் சுருளை விரித்தால் வானம் நீலமாகவும் இலை பச்சையாகவும் நேராகவே தெரியும். 35 மிமீ ரோல் என்றால் ஒவ்வொரு படமும் 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவு. அதை ஒவ்வொன்றாக வெட்டி, ஐந்து சென்டிமீட்டர் சதுர அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ பொருத்துவார்கள். அந்தச் சட்டத்துக்கு மவுண்ட் என்று பெயர். பிறகு ப்ரொஜெக்டரில் போட்டுத் திரையில் பார்க்கலாம், அல்லது கீழிருந்து வெள்ளை ஒளி வரும் லைட் டேபிளில் வைத்து, லூப் என்கிற சிறிய உருப்பெருக்கியைக் கண்ணில் ஒட்டிப் பார்க்கலாம்.

இந்த இரண்டு குடும்பங்களையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம். "பிலிமில் எக்ஸ்போஷர் (பிலிம்மேல் படும் ஒளியின் அளவு) கொஞ்சம் தவறினாலும் பரவாயில்லை", "பிலிமில் வெளிச்சமான இடங்கள் மென்மையாகக் கரையும்" என்றெல்லாம் படிக்கிறோமே, அவை நெகட்டிவுக்குப் பொருந்தும். ஸ்லைடுக்குப் பொருந்தாது. இதை நம்பி ஸ்லைடு ரோல் போடுகிறவர் முதல் ரோலிலேயே ஏமாந்துபோவார்.

## நேர்ப்படம் எப்படிக் கிடைக்கிறது?

எல்லா பிலிமிலும் ஒளியைப் பிடிப்பது வெள்ளி ஹாலைடு. வெள்ளியும் புரோமின், அயோடின் போன்ற தனிமங்களும் சேர்ந்த உப்பு அது. ஜெலட்டினில் நுண்ணிய துகள்களாகப் பரவியிருக்கும். ஒளி பட்ட துகள், டெவலப்பர் என்கிற ரசாயனத்தில் கருப்பு வெள்ளியாக மாறும். ஒளி படாதது மாறாமல் அப்படியே இருக்கும். அப்படியென்றால் வெளிச்சமான இடம்தானே கருப்பாக வர வேண்டும்? ஸ்லைடில் அது எப்படி நேராகத் திரும்புகிறது?

ஓர் அரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நாற்காலிகள். முதலில் கருப்புச் சட்டை போட்ட ஒரு கூட்டம் வந்து சில நாற்காலிகளில் உட்காருகிறது. அப்புறம், காலியாக இருக்கும் நாற்காலிகளில் மட்டும் வண்ணச் சட்டைக்காரர்களை உட்காரவைக்கிறோம். கடைசியில் கருப்புச் சட்டைக்காரர்கள் எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிடுகிறோம். இப்போது அரங்கில் வண்ணம் எங்கே இருக்கிறது? முதல் கூட்டம் உட்காராத இடத்தில் மட்டும். முதல் கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்த மூலை இப்போது வெறிச்சென்று கிடக்கிறது.

ஸ்லைடு கழுவும்போது நடப்பது இதேதான். முதல் கூட்டத்தை அனுப்புவது ஒளி. வெளிச்சம் நிறைய விழுந்த இடத்தில் அநேகமாக எல்லாத் துகள்களும் முதல் டெவலப்பரிலேயே கருப்பு வெள்ளியாகிவிடும். மிச்சம் இருக்காது; ஆகவே நிறம் உண்டாகவும் வழியில்லை. கடைசியில் அந்த இடம் வெறும் கண்ணாடி போலத் தெளிவாகி, பார்க்கும்போது வெள்ளையாகத் தெரியும். இருட்டான இடத்தில் துகள்கள் அப்படியே மிச்சமிருக்கும். அவை இரண்டாவது சுற்றில் நிறமாக மாறி, ஒளியை மறிக்கும். அந்த இடம் இருட்டாகவே தெரியும்.

இந்த வேலைக்கு இன்று உலகெங்கும் பயன்படுவது இ-6 என்கிற கழுவும் முறை. 1970-களின் பிற்பாதியிலிருந்து இருக்கிறது. முதல் டெவலப்பர் 38 டிகிரி செல்சியஸில் சுமார் 6 நிமிடம். படத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் படம் மாறத் தொடங்கும். அடுத்து ரிவர்சல் கரைசல். ஒளி படாத மிச்சத் துகள்களையும் டெவலப் ஆகக்கூடியதாக இது மாற்றிவிடுகிறது. பிறகு கலர் டெவலப்பர். மிச்சத் துகள்கள் வெள்ளியாக மாறும்போது அந்த டெவலப்பரிலிருந்து வெளிப்படும் பொருள், பிலிமிலேயே காத்திருக்கும் கப்ளர் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து சாயமாகிறது. கடைசியாக ப்ளீச்சும் ஃபிக்ஸரும் இரண்டு சுற்றிலும் உண்டான வெள்ளி முழுவதையும் கரைத்து வெளியே எடுத்துவிடுகின்றன.

ஆகவே கழுவி முடித்த ஸ்லைடில் வெள்ளியே கிடையாது. இருப்பது சாயம் மட்டும். கழுவி எடுத்த ஈரப் பிலிமைப் பார்த்தால் பால் கலந்தது போல வெளிறித் தெரியும். புதிதாகக் கழுவுகிறவர்கள் எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். காயக் காயத்தான் அது தெளிந்து, நிறம் எழுந்து வரும்.

## மூன்று அடுக்கு, மூன்று சாயம்

இதுவரை நிறத்தை ஒன்றாகவே பேசிவிட்டோம். உண்மையில் பிலிமில் மூன்று அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருக்கின்றன. மேலடுக்கு நீல ஒளியையும், நடுவடுக்கு பச்சை ஒளியையும், கீழடுக்கு சிவப்பு ஒளியையும் பதிவு செய்கிறது. வெள்ளி ஹாலைடு எதுவானாலும் நீல ஒளிக்கு இயல்பாகவே மசிந்துவிடும். அதனால் மேலடுக்குக்குக் கீழே ஒரு மஞ்சள் வடிகட்டி வைத்து, நீலம் அதற்குமேல் இறங்காமல் தடுத்துவிடுகிறார்கள். மூன்று அடுக்குகளையும் சேர்த்தாலும் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஒவ்வோர் அடுக்கிலும் உண்டாகும் சாயம், அந்த அடுக்கு பார்த்த நிறத்துக்கு நேர் எதிரானது. நீல அடுக்கில் மஞ்சள், பச்சை அடுக்கில் மெஜந்தா, சிவப்பு அடுக்கில் சியான் என்கிற பசுநீலம். சாயத்தின் வேலை ஒளியைக் கழிப்பது. மஞ்சள் சாயம் நீலத்தை விழுங்கும், மெஜந்தா பச்சையை விழுங்கும், சியான் சிவப்பை விழுங்கும்.

ஒரு சிவப்புப் பூவை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூவிலிருந்து வருவது சிவப்பு ஒளி. அது கீழடுக்கில் மட்டும் பதிகிறது. ஆகவே கீழடுக்கில் முதல் சுற்றிலேயே துகள்கள் தீர்ந்துபோய், சியான் உண்டாவதில்லை. மற்ற இரண்டு அடுக்குகளிலும் ஒளி படவில்லை, துகள்கள் மிச்சம். அங்கே மஞ்சளும் மெஜந்தாவும் உண்டாகின்றன. இப்போது ஸ்லைடின் பின்னாலிருந்து வெள்ளை ஒளியை அனுப்புங்கள். மஞ்சள் நீலத்தைக் கழித்துவிட்டது, மெஜந்தா பச்சையைக் கழித்துவிட்டது. தப்பி வந்தது சிவப்பு. பிலிமில் சிவப்புச் சாயம் என்று ஒன்று இல்லவே இல்லை, ஆனாலும் பூ சிவப்பாகத் தெரிகிறது. எத்தனை முறை யோசித்தாலும் இந்த ஏற்பாடு எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இங்கே கோடாக்ரோமைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடாவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் கண்டுபிடித்த முறை அது. 1935-இல் சினிமா பிலிமாகவும், அடுத்த ஆண்டு 35 மிமீ ஸ்லைடாகவும் கோடாக் நிறுவனம் வெளியிட்டது. அதில் கப்ளர்கள் பிலிமுக்குள் இல்லை. கழுவும் கரைசலில்தான் இருந்தன. பிலிம் மெல்லியதாக, கூர்மையாக அமைந்தது. ஆனால் கழுவுவது பெரும் வேலை. வீட்டில் யாரும் செய்ய முடியாது. 2009-இல் கோடாக் அதன் உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரிலிருந்த கடைசி லேபும் 2010 டிசம்பர் இறுதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. எங்காவது எடுத்துக் கழுவாத கோடாக்ரோம் ரோல் கிடைத்தால், அதை இ-6 கரைசலில் போடக்கூடாது. அதற்குள் கப்ளரே இல்லையே, நிறம் எங்கிருந்து வரும்? கருப்பு வெள்ளையாகத்தான் ஏதாவது மீட்க முடியும்.

சுருக்கமாக: ஸ்லைடு என்பது ஒளி படாத மிச்சத்திலிருந்து உண்டான மூன்று சாய அடுக்குகள். அந்தச் சாயம் வெள்ளை ஒளியிலிருந்து தேவையில்லாததைக் கழிப்பதால் நமக்கு நிறம் தெரிகிறது.

## டிஜிட்டல் சென்சார் என்ன செய்கிறது?

சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் ஒளியின் அளவை மட்டும்தான் எண்ணும். அதற்கு நிறம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு குட்டி நிற வடிகட்டி வைக்கிறார்கள். நான்கு பிக்சலில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைய கேமராக்களிலும் போன்களிலும் மிகப் பெரும்பாலானவை இதையோ இதன் திருத்திய வடிவத்தையோதான் பயன்படுத்துகின்றன.

இதன் பொருள், ஒரு பிக்சல் ஒரு நிறத்தைத்தான் நேராக அளந்திருக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, டிஜிட்டல் பொய்" என்று சிலர் குதிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தக் கணக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. முக்கியமான விஷயம் வேறு. சென்சாரிலிருந்து வருவது எண்களின் பட்டியல். அதை ரா ஃபைல் என்கிறோம். அது இன்னும் படம் ஆகவில்லை. எதை வெள்ளை என்று கொள்வது, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடான கான்ட்ராஸ்ட் எவ்வளவு, பச்சை எவ்வளவு பச்சை என்பதையெல்லாம் யாராவது முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் செய்யும். எடிட் செய்யாத டிஜிட்டல் படம் என்று ஒன்று கிடையாது.

அதே போல யாருமே கைவைக்காத ஸ்லைடும் கிடையாது. அங்கே கைவைத்தவர்கள் பிலிமை உருவாக்கியவர்கள். 1990-இல் ஃபூஜி வெளியிட்ட வெல்வியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 50, அதாவது நிறைய ஒளி கேட்கும் பிலிம். அதில் புல் நிஜத்தைவிடப் பச்சை, அந்தி வானம் நிஜத்தைவிடச் சிவப்பு. இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதே பிலிமில் முகத்தை எடுத்தால் தோல் சிவந்து, காய்ச்சல் வந்தது போல இருக்கும். அதே நிறுவனத்தின் ப்ரோவியா அதைவிட அடக்கமானது. ஒரே மரத்தை இரண்டிலும் எடுத்தால் இரண்டு வேறு மரங்கள். இதில் எது உண்மை என்று கேட்பதில் பொருளில்லை.

அப்படியானால் வித்தியாசம் என்ன? முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதுதான். டிஜிட்டலில் படம் எடுத்த பிறகு, வேண்டுமானால் பத்து வருடம் கழித்தும் முடிவை மாற்றலாம். ஸ்லைடில் எந்த ரோலைப் போடுகிறோம் என்பதில் பாதி முடிவு. ஷட்டரை அழுத்துவதில் மீதி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

## ஏன் இவ்வளவு கண்டிப்பு?

ஒளியளவைப் பேச ஒரு சொல் வேண்டும்: ஸ்டாப். ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடியது, பாதியானால் ஒரு ஸ்டாப் குறைந்தது. ஒரு காட்சியின் மிக இருட்டான இடத்துக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் நடுவில் எத்தனை ஸ்டாப்பை விவரம் போகாமல் பதிய முடியும் என்பதை டைனமிக் ரேஞ்ச் என்பார்கள்.

ஸ்லைடு பிலிமுக்கு அது சுமார் 5, 6 ஸ்டாப். நெகட்டிவ் 10-க்கு மேல் தாங்கும். இன்றைய நல்ல டிஜிட்டல் கேமரா 12 முதல் 14 வரை. இந்தக் கணக்கில் ஸ்லைடு கடைசி. இதை மறைத்துப் பேசுவதில் எந்தப் பயனும் இல்லை.

ஏன் இவ்வளவு குறைவு? இங்கேதான் பலரும் தவறவிடும் விஷயம் இருக்கிறது. இது குறை அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இருட்டு அறையில் திரையில் பார்க்கும்போது, சுற்றிலும் இருட்டாக இருப்பதால் நம் கண்ணுக்குக் கான்ட்ராஸ்ட் குறைந்தது போலத் தோன்றும். அதை ஈடுகட்ட, காட்சியில் இருந்த வேறுபாட்டை ஸ்லைடு பெரிதாக்கிக் காட்ட வேண்டும். காட்சியில் 5 ஸ்டாப்பாக இருந்த இடைவெளி, கழுவிய பிலிமில் ஏறக்குறைய 10 ஸ்டாப்பாக விரிந்து நிற்கிறது. ஸ்லைடின் துடிப்பு, ஆழம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த விரிவிலிருந்து வருவது. உலகத்தின் குறுகிய ஒரு துண்டை எடுத்து, அதை அகலமாகக் காட்டுகிறது. குறுகிய துண்டாக இருப்பதால்தான் அகலமாகக் காட்ட முடிகிறது. ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

தவறு நடந்தாலும் அதே விரிவுதான் வேலை செய்யும். அரை ஸ்டாப் தவறினால் பிலிமில் அது கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் தவறாகத் தெரியும். ஒரே காட்சியை அரை ஸ்டாப் இடைவெளியில் மூன்று முறை எடுத்து, மூன்றையும் லைட் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மேகத்தின் விளிம்பு இருக்காது. லூப்பில் பார்த்தால் அங்கே வெறும் பிலிம், எந்தச் சாயமும் இல்லை. அந்த இடத்தில் பதிவு என்று எதுவுமே இல்லை என்பதால் மீட்பதற்கும் ஒன்றுமில்லை. இன்னொன்றில் மேகம் நன்றாக இருக்கும், மர நிழல் தார் பூசியது போல மூடியிருக்கும். நடுவில் உள்ளதில் மேகத்தின் மடிப்பும் தெரியும், நிழலில் ஓரிரு வேரும் தெரியும். மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஒளியளவில் மிகச் சிறிய வித்தியாசம்தான். இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்தவருக்கு எக்ஸ்போஷர் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஸ்லைடு எடுப்பவர்கள் வெளிச்சமான இடத்தை வைத்துத்தான் அளவெடுப்பார்கள். விவரம் வேண்டிய மிக வெளிச்சமான பகுதி வெளுக்காமல் பார்த்துக்கொண்டு, நிழல் எப்படி வருகிறதோ வரட்டும் என்று விடுவார்கள். நெகட்டிவில் இதற்கு நேர்மாறாக நிழலை வைத்து அளப்பார்கள். வானம் வெளிச்சமாகவும் தரை இருட்டாகவும் இருந்தால், மேல்பாதி மட்டும் கருமையாக்கிய வடிகட்டியை லென்ஸ் முன்னால் வைப்பார்கள். அதுவும் போதவில்லை என்றால் எடுக்கவே மாட்டார்கள். இந்த ஒளியில் இந்தப் படம் இல்லை என்று தெரிந்து கேமராவை இறக்குவதும் ஸ்லைடு கற்றுத்தரும் பாடம்தான். மற்ற எதைவிடவும் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நிறத்திலும் இதே கண்டிப்பு. டிஜிட்டலில் வைட் பேலன்ஸ் என்கிற வெள்ளைச் சமநிலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பகல் வெளிச்சத்துக்கான ஸ்லைடு பிலிம் சுமார் 5500 கெல்வின் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு) ஒளிக்கு என்று தயாரிக்கப்பட்டது. அதே பிலிமில் பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்க ஆரஞ்சு. வெயில் நாளில் நிழலில் எடுத்தால் முகமெல்லாம் நீலம் பூக்கும். கண் இதைத் தானாகத் திருத்திக்கொள்வதால் எடுக்கும்போது நமக்குத் தெரியாது, பிலிம் திருத்தாது. திருத்த வேண்டுமென்றால் லென்ஸில் வடிகட்டி போட வேண்டும்.

இதுவரை: ஸ்லைடு குறைவான ஒளி வேறுபாட்டையே பிடிக்கும், பிடித்ததைப் பெரிதாக்கிக் காட்டும். அதனால் அழகும் தவறும் இரண்டுமே பெரிதாகத் தெரியும்.

## ஊடுருவி வரும் ஒளி

தாளில் போட்ட பிரிண்ட், தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தாளின் மிகக் கருப்பான இடம்கூடக் கொஞ்சம் ஒளியைத் திருப்பிவிடும், அதனால் அங்கே கருப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்லைடில் ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வருகிறது. அடர்ந்த கருப்பு, விழும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விடாது. தெளிந்த இடம் அநேகமாக முழுவதையும் விட்டுவிடும். இந்த அகலத்தைத் தாள் தொட முடியாது.

சரி, கணினித் திரையும் பின்னாலிருந்து ஒளி விடுவதுதானே? ஆமாம். நல்ல திரைகள் இப்போது ஸ்லைடுக்கு நெருங்கி வந்துவிட்டன. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று பெரும்பாலானவர்கள் ஸ்லைடைப் பார்ப்பது ஸ்கேன் செய்த படமாக, போன் திரையில். ஸ்கேன் செய்த நொடியில் அது டிஜிட்டல் படம். ஸ்கேனரின் சென்சார் சாயத்தை எப்படிப் படித்தது, அடர்ந்த நிழலுக்குள் அதனால் நுழைய முடிந்ததா, பிறகு ஒருவர் கான்ட்ராஸ்டை எப்படித் திருத்தினார் என்பதெல்லாம் அதில் கலந்துவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "ஸ்லைடின் நிறமே தனி" என்றாலும், "ஸ்லைடில் ஒன்றும் பெரிதாக இல்லையே" என்றாலும், பாதிப் பாராட்டோ பாதிக் குறையோ ஸ்கேனருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஸ்லைடைப் பற்றி முடிவு சொல்ல வேண்டுமானால், மவுண்டில் இருக்கும் அந்தப் பிலிமையே ஒருமுறை லூப்பில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு காலத்தில் பத்திரிகைகள் ஸ்லைடையே கேட்டு வாங்கியதற்கும் இதுதான் காரணம். அச்சில் வந்த நிறம் சரியா என்று சந்தேகம் வந்தால், பக்கத்தில் ஸ்லைடை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நெகட்டிவை வைத்து அப்படி ஒப்பிட வழியில்லை.

## வேறு சில தவறான நம்பிக்கைகள்

"35 மிமீ ஸ்லைடு எத்தனை மெகாபிக்சலுக்குச் சமம்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண் பதில் கிடையாது. பிலிமின் நுண்மை காட்சியின் கான்ட்ராஸ்டைப் பொறுத்து மாறும். நல்ல டிஜிட்டல் கேமரா இன்று 35 மிமீ ஸ்லைடைவிட நுண்ணிய விவரம் தரும். கூர்மைக்காக ஸ்லைடைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் காரணம் பழையதாகிவிட்டது.

"ஸ்லைடு காலத்துக்கும் நிற்கும்" என்பதும் அப்படியே. சாயம் மங்கும். எவ்வளவு வேகத்தில் என்பது பிலிமையும், வைத்திருக்கும் இடத்தின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது. கோடாக்ரோம் இருட்டில் பத்திரமாக இருந்தால் மிக நன்றாக நிற்கும். ப்ரொஜெக்டர் ஒளியில் அடிக்கடி காட்டினால் மற்ற சில பிலிம்களைவிட வேகமாக மங்கும். ஒரே பிலிமுக்கு இரண்டு குணம். டிஜிட்டல் ஃபைலை அச்சு அசலாக எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், ஸ்லைடை அப்படி எடுக்க முடியாது, தொலைந்தால் தொலைந்ததுதான். அதற்குப் பதிலாக ஸ்லைடைப் படிக்க எந்த மென்பொருளும் தேவையில்லை. ஜன்னல் வெளிச்சம் போதும்.

## எடுத்துப் பார்க்க விரும்பினால்

இன்று கிடைக்கும் ஸ்லைடு பிலிம் வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோடாக் எக்டாக்ரோமை 2012-இல் நிறுத்திவிட்டு, 2018-இல் இ100 என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. ஃபூஜியின் வெல்வியா 50-யும் ப்ரோவியா 100எஃப்-உம் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு எக்டாக்ரோமோ ப்ரோவியாவோ நல்லது. ஐஎஸ்ஓ 100 கையில் பிடித்து எடுக்க வசதி, முகத்தின் நிறமும் கெடாது.

முதல் ரோலுக்கு ஒளி ஒரே சீராக இருக்கும் காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். எதிர்வெயில் இப்போது வேண்டாம். பழைய கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் மேல் நம்பிக்கை இல்லையென்றால், டிஜிட்டல் கேமராவில் அதே ஐஎஸ்ஓ வைத்து ஒரு படம் எடுத்து, வெளிச்சமான இடம் வெளுக்காத அளவைக் கண்டுபிடித்து, அதையே பிலிம் கேமராவில் வைக்கலாம். இதைச் சிலர் ஏதோ ஏமாற்று வேலை போலப் பேசுவார்கள். மீட்டர் என்ற பெயரில் தனியாக விற்கும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. முக்கியமான காட்சி என்றால் அரை ஸ்டாப் கூட்டியும் குறைத்தும் எடுத்து, எந்தப் படம் எந்த அளவில் எடுத்தது என்று குறித்து வையுங்கள்.

கழுவக் கொடுக்கும்போது இ-6 என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். நெகட்டிவுக்கான சி-41 கரைசலில் ஸ்லைடு பிலிம் போனால், ரிவர்சல் படியே இல்லாததால் அது நெகட்டிவாகத்தான் வரும், நிறங்களும் தாறுமாறாகும். சிலர் அதை வேண்டுமென்றே செய்வதுண்டு, ஆனால் முதல் ரோலில் அது தேவையில்லை. ஸ்கேனும் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் திறப்பதற்கு முன்னால் பிலிமை வெள்ளை ஒளியில் வைத்து, குறித்து வைத்த எக்ஸ்போஷரோடு ஒவ்வொரு படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஒளியில் எந்த அளவு சரியாக வந்தது என்பதை அந்தப் பிலிம் நேராகக் காட்டிவிடும். யாரும் திருத்தாமல் வந்த பதில் என்பதால், அடுத்த ரோலுக்கு அதை அப்படியே நம்பலாம்.